ஒரு வாரம் போதாது, ஒரு சீசன் கொடுங்கள்

ஐரோப்பிய பேஸ்பால் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து, அதுவும் தமிழில், பேஸ்பால் பற்றி ஒரு மடல் வருவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். கிரிக்கெட்டை விட்டால் வேறு பந்து கண்ணில் படாத ஊர் என்று எங்களைச் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் நெதர்லாந்தின் ரோட்டர்டாமும் இத்தாலியின் பார்மாவும் செக் நாட்டின் பிர்னோவும் நேற்று என்ன ஸ்கோர் எடுத்தன என்று தேடிப் பார்க்கிற நாலு பேர் இங்கேயும் இருக்கிறோம். இல்லாத ஓர் ஐரோப்பிய லீக்குக்கு நாங்களே அணி பிரித்து, அட்டவணை போட்டு, புள்ளிப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த வேலையை எங்களிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை 1963 முதல் நடத்தி வருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் நடப்பது என்ன? பல நாடுகளின் முன்னணி கிளப்புகள் ஒரே ஊரில் வந்து கூடுகின்றன, ஒரு வாரம் ஆடுகின்றன, கோப்பையை யாரோ தூக்குகிறார்கள், எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். அதன்பிறகு ஒரு வருடத்துக்கு அந்த அணிகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. கால்பந்தில் இது செல்லும். பேஸ்பாலில் செல்லாது.

ஏன் செல்லாது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். இங்கே படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் நூறு பந்து வீசிவிட்டால் அடுத்த நாலைந்து நாள் அவர் தோளுக்கு ஓய்வு வேண்டும். அதனால் ஒரு முழு அணிக்கு நாலைந்து நல்ல பிட்சர்கள் தேவை. ஒரு வாரப் போட்டியில் இரண்டு பேர் இருந்தால் போதும், கரை ஏறிவிடலாம். அமெரிக்க மேஜர் லீக்கில் 162 ஆட்டம் ஆடுகிறார்கள்; அதில் அசத்தலான அணிகூட பெரும்பாலும் ஐம்பது அறுபது ஆட்டம் தோற்றுவிட்டுத்தான் முதலிடம் பிடிக்கிறது. யார் நல்ல அணி என்று தெரிய இந்த ஆட்டத்துக்கு அவ்வளவு காலம் பிடிக்கும். ஏழு நாளில் தெரிவது அந்த வாரம் யாருக்கு அதிர்ஷ்டம் என்பது மட்டும்தான்.

சான் மரினோவின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. சென்னை மாநகராட்சியின் ஒரு வார்டு அளவு மக்கள்தொகை கொண்ட நாடு 2006, 2011, 2014 என்று மூன்று முறை இந்தக் கோப்பையை எடுத்துப்போனது. படித்தபோது கைதட்டத் தோன்றியது. அதே அணி கோடை முழுக்க ரோட்டர்டாமையும் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்கையும் எதிர்த்து ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் என் ஏக்கம்.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2011-ல் பனாமாவில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் கியூபாவை 2-1 என்று வென்றது நெதர்லாந்து. அந்த அணியின் பலம் பெரும்பகுதி கரீபியத் தீவுகளான குராசாவ், அருபாவிலிருந்து வந்தது என்பது சரிதான். ஆனால் செக் நாட்டைப் பாருங்கள். 2023 மார்ச் 11, சனிக்கிழமை. இங்கே எல்லோரும் அகமதாபாத் டெஸ்ட்டில் சுப்மன் கில்லின் சதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிற்பகல். உலக பேஸ்பால் கிளாசிக் தொடர், டோக்கியோ டோம் மைதானத்தில் ஜப்பானுக்கு எதிராகச் செக் அணி. முதல் இன்னிங்சிலேயே முன்னிலை எடுத்தது அவர்கள்தான். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் எறியும் ரோகி சசாகியிடமிருந்து வந்த ரன் அது. பிறகு செக் பிட்சர் ஒன்ட்ரே சடோரியா, பந்து வீசும் மேட்டில் ஏறினார். பிழைப்புக்கு எலக்ட்ரீஷியன். எதிரே ஜப்பானின் நட்சத்திரம் ஷோஹெய் ஒஹ்டானி. 115 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நம் ஊர் மிதவேகப் பந்துவீச்சு அளவில், ஒரு பந்து. ஒஹ்டானி மட்டையைச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேர்ந்தது. ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்றாவது ஸ்ட்ரைக்கும் ஆகி ஆட்டமிழப்பு. ஆட்டத்தை 10-2 என்று ஜப்பான் வென்றது, அது வேறு விஷயம். செக் அணியின் பயிற்சியாளர் பாவெல் ஹாதிம் நரம்பியல் மருத்துவர். தீயணைப்பு வீரர் ஒருவரும் அணியில் இருந்தார். அந்தத் தொடரில் சீனாவை 8-5 என்று வென்றும் காட்டினார்கள்.

இந்த ஆட்டக்காரர்கள் ஊர் திரும்பியதும் எங்கே ஆடுகிறார்கள்? வார இறுதியில், உள்ளூர் லீக்கில், ஆண்டுக்கு முப்பது நாற்பது ஆட்டம். நீங்களும் மேஜர் லீக்கும் வளர்த்தெடுக்கும் பையன்கள் நிலை இன்னும் பரிதாபம். இத்தாலியின் திர்ரேனியாவில் 2005-ல் அகாடமி தொடங்கியது. பெர்லினில் பிறந்து ரேகன்ஸ்பர்கில் ஆடிப் பழகிய மேக்ஸ் கெப்ளர் 2009-ல் மினசோட்டா அணியிடம் கையெழுத்திட்டு மேஜர் லீக் வரை போனார். கெப்ளர் போனார்; போன எல்லோரும் கெப்ளர் ஆவதில்லை. 2021-ல் மேஜர் லீக், இளம் வீரர்களைத் தயார்செய்யும் தன் துணை அணிகளை 160-லிருந்து 120 ஆகக் குறைத்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பும் பையனுக்கு, தன் தரத்துக்கு ஏற்ற எதிராளி வாரா வாரம் வேண்டும். அவனுக்கு நீங்கள் வைத்திருப்பது ஒரு வாரக் கோப்பை.

லீக் என்றதும் உடனே ஏலம், ஃபிரான்சைஸ், புதுப் பெயர், பளபளப்பான சின்னம் என்று யாராவது கோப்போடு உங்கள் கதவைத் தட்டுவார்கள். தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கள் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 2019-ல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நெதர்லாந்து மூன்றும் சேர்ந்து யூரோ டி20 ஸ்லாம் என்று ஒரு கிரிக்கெட் லீக் அறிவித்தன. ஆம்ஸ்டர்டாம் நைட்ஸ், ரோட்டர்டாம் ரைனோஸ் என்று பெயர் வைத்தாயிற்று. ரஷீத் கான், பாபர் ஆசம் என்று ஆளையும் எடுத்தாயிற்று. தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ரத்து. அமெரிக்கக் கால்பந்துக்காரர்களின் (என்எஃப்எல்) ஐரோப்பிய லீக் கதையும் நீங்கள் அறியாததல்ல. 2007-ல் இழுத்து மூடியபோது மிச்சமிருந்த ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மனியில் இருந்தன. பெயரில் மட்டும் ஐரோப்பா. இத்தாலிய பேஸ்பாலே 2010-ல் ஃபிரான்சைஸ் முறைக்குப் போய், பிறகு பழைய வழிக்கே திரும்பியது.

லண்டனைக் காட்டி யாரும் ஆசை மூட்டவும் வேண்டாம். 2019-ல் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் ஆடியபோது லண்டன் ஸ்டேடியத்தில் ஒவ்வொரு நாளும் ஐம்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் கூட்டம்; முதல் ஆட்டம் 17-13 என்று முடிந்த கூத்தை இன்னும் சிரித்துக்கொண்டே பேசுகிறோம். அது திருவிழாக் கூட்டம். திங்கட்கிழமை அந்த ஊரில் பேஸ்பால் பார்க்க ஆசைப்பட்டவன் எங்கே போயிருப்பான்?

நாங்கள் போட்டு வைத்திருக்கும் அட்டவணை இதுதான். பன்னிரண்டு ஊர், மூன்று பிரிவு. வடக்கே ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், ஆண்ட்வெர்ப், பான். நடுவே ரேகன்ஸ்பர்க், ஹைடன்ஹைம், பிர்னோ, ஒஸ்ட்ராவா. தெற்கே பார்மா, போலோன்யா, நெட்டூனோ, சான் மரினோ. எல்லாம் ஏற்கெனவே மைதானமும் கிளப்பும் பார்வையாளரும் உள்ள இடங்கள். (நெட்டூனோவை விட்டுவிட எனக்கு மனம் வராது. 1944-ல் அன்சியோவில் கரையிறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் கற்றுக்கொடுத்துப் போன ஆட்டத்தை இன்னும் விடாமல் ஆடுகிற ஊர்.) வெள்ளி மாலை ஒன்று, சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று மூன்று ஆட்டத் தொடர். சொந்தப் பிரிவுக்குள் ஆறு வார இறுதி, மற்ற பிரிவுகளோடு நான்கு. ஆக முப்பது ஆட்டம். பிரிவுக்குள் பயணம் பஸ்ஸிலேயே முடிந்துவிடும். விமானச் செலவு அந்த நான்கு வாரத்துக்கு மட்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இருபத்துநாலு வார இறுதிக்குக் குறையாது. பத்து போக மீதி உங்கள் தேசிய லீக்குகளுக்கே. கிளப்பை எங்களிடமிருந்து பிடுங்குகிறீர்கள் என்று எந்த நாட்டுச் சங்கமும் சண்டைக்கு வர முடியாது.

ஒளிபரப்பு பற்றி ஒரு சின்ன வேண்டுகோள். இப்போது பல ஆட்டங்களில் கேமரா வலைக்குப் பின்னால், கம்பி நடுவில் தெரிய நிற்கிறது. எத்தனை ஸ்ட்ரைக் (மட்டையாளருக்குப் பாதகமான பந்து), எத்தனை பால் (பிட்சர் தவறவிட்ட பந்து) என்று திரையில் மாறுவதற்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது. வெளி மைதானத்திலிருந்து பிட்சரின் முதுகுப் பக்கம் ஒரு கேமரா வையுங்கள். அது ஒன்று போதும், பந்து வளைவது தெரியும். பந்து வளைவது தெரியாமல் பேஸ்பால் பார்ப்பதும் ரேடியோ கேட்பதும் ஒன்றுதான்.

கடைசியாக, எதைச் செய்தாலும் அட்டவணையை முந்தைய அக்டோபரிலேயே வெளியிட்டுவிடுங்கள். உங்கள் பிட்சர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை லீவுக்கு முதலாளியிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்