கெமிஸ்ட்ரி லேபின் 'மணம்'

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில், புதுப்பிக்கப்பட்ட பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தின் திறப்பு விழா பற்றிய கட்டுரையை வாசித்தேன். "உள்ளே நுழைந்ததுமே கெமிஸ்ட்ரி லேபுக்கே உரிய அந்த மணம் நம்மை வரவேற்கிறது" என்று உங்கள் நிருபர் ஆரம்பிக்கிறார். காப்பிக்கடையைப் பற்றி எழுதியிருந்தால் நானும் ரசித்திருப்பேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. லேபில் வாடை அடிக்கிறதென்றால் மூடியிருக்க வேண்டியது எதுவோ திறந்திருக்கிறது, இல்லையென்றால் இழுக்க வேண்டிய எக்ஸாஸ்ட் இழுக்கவில்லை. ரிப்பன் வெட்டிய அன்றே இந்த வரவேற்பு என்றால், மூன்று பேட்ச் பிள்ளைகள் சால்ட் அனாலிசிஸ் செய்யும் நாளில் எப்படி வரவேற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 31 வருடம் லேப் அசிஸ்டென்டாக இருந்தவன். கிப்ஸ் அப்பாரட்டஸில் இரும்பு சல்ஃபைடு துண்டுகளைப் போட்டு, அமிலம் ஊற்றி, ஹைட்ரஜன் சல்ஃபைடு தயார் செய்து வைப்பது என் வேலை. அழுகிய முட்டை நாற்றம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். 1994இல் ஒரு மதியம் அந்த நாற்றம் சட்டென்று நின்றுபோனது. வாயு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்தில் போய்க் குனிந்தேன். அப்புறம் கண் விழித்தது வராந்தாவில்தான். வாயு தீரவில்லை, என் மூக்குதான் மரத்துப்போயிருந்தது. அந்த வாயு 100 பிபிஎம் அளவை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை, எட்டினால் மோப்பமே போய்விடும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் துறைத் தலைவர் என்னைக் கேட்டது, "என்னய்யா, காலையில சாப்பிடலையா?"

2004இல் எங்களுக்கும் ஒரு ஃப்யூம் ஹுட், அதாவது நச்சுப் புகையை இழுத்து வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு, வந்தது. இரண்டாம் வருடம் மோட்டார் எரிந்தது. மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த கடிதங்களைச் சேர்த்தால் ஒரு ரெக்கார்டு நோட்டு தேறும். அப்புறம் அது அலமாரியாகிவிட்டது. பழைய ரெக்கார்டுகள், உடைந்த பியூரெட், பூஜைத் தட்டு எல்லாம் அதற்குள்தான். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வந்த அன்று ரூம் ஸ்ப்ரே அடித்தோம். அடித்தவன் நான்தான், மறைக்கவில்லை.

ஜன்னல்களையெல்லாம் அடைத்து ஏசி போட்டிருப்பதையும் கட்டுரை பாராட்டுகிறது. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது ஐயா. இருக்கிற காற்றையே குளிர வைத்துத் திரும்பத் திரும்ப ஊதும். நைட்ரிக் அமிலத்தின் பழுப்புப் புகையும் நாற்பது பேர் விட்ட மூச்சும் சேர்ந்து குளிர்ச்சியாகச் சுற்றி வரும். உயரமான கூரையும் ஆளுயர ஜன்னலும் வைத்து அந்தக் காலத்தில் லேப் கட்டியவர்கள் என்ன முட்டாள்களா? விலங்கியல் லேபைப் பற்றி ஆரம்பித்தால் கடிதம் நீண்டுவிடும். செத்த உயிரினங்களைக் கெடாமல் போட்டு வைக்கும் ஃபார்மலினில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. அங்கே இருந்த என் நண்பர், கண்ணைக் கசக்கிக் கசக்கியே ஓய்வு பெற்றார்.

நவம்பர் வந்தால் டெல்லிப் புகைமூட்டத்துக்கு முழுப் பக்கம், போகிக்குச் சென்னைப் புகை. சரி, வேண்டியதுதான். நாலு சுவருக்குள் அடைபட்ட காற்று மட்டும் காற்றில்லையா? இரண்டு வருடம் முன்பு இதே விஷயத்தை ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். உங்கள் அறிவியல் தொடரை நான் பாராட்டியிருந்த இரண்டு வரியை மட்டும் பெரிய மனதோடு பிரசுரித்திருந்தீர்கள். நன்றி.

இப்போது கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. துணைவேந்தருக்குப் பின்னால் தெரிவதைப் படக்குறிப்பில் 'கண்ணாடி அலமாரி' என்று போட்டிருக்கிறீர்கள். அது ஃப்யூம் ஹுட். உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பதால் நிருபருக்குக் குழப்பம் வந்திருக்கலாம், அவர் மேல் தப்பில்லை. ஒரு வரியில் திருத்தம் போட்டால் போதும். அடுத்த முறை போகும்போது ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை அதன் வாயருகே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கமாகச் சாய வேண்டும். படம் 7ஆம் பக்கத்தில், வலது கீழ் மூலையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் அசிஸ்டென்ட் ஒருவர்,
மதுரை.
(பென்ஷன் வாங்குகிறேன், பெயர் வேண்டாம்.)