திருமலை ரிக்கெற் முகவர்களுக்கு ஒரு மடல்

திருகோணமலையில் விமான ரிக்கெற் போட்டுக் கொடுக்கும் முகவர்களுக்கு,

வணக்கம். லண்டனில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிற அம்மா அப்பாமார் உங்கள் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு நேரம் தம்பி?" "நேர் பிளேன் அம்மா, 11 மணித்தியாலம்" என்கிறீர்கள். பொய்யில்லை. ஆனால் அது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி லண்டன் ஹீத்ரோவில் இறங்கும் வரைக்குமான கணக்கு. இங்கே திருமலை உவர்மலையில் இருக்கிறவருக்கு அது பாதிக் கணக்கு.

பகல் 1 மணிக்குப் பிளேன் என்று வையுங்கள். 10 மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் ஓட ஐந்தாறு மணித்தியாலம். விடிய 4 மணிக்கே வெளிக்கிட்டாக வேண்டும். ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே நின்றால் அந்த நேரமும் சேரும். இறங்கிய பிறகு குடிவரவு வரிசை, பெட்டி, பிள்ளை வீட்டுக்குக் கார். வாசலிலிருந்து வாசலுக்கு 22 மணித்தியாலம் அளவில் வந்துவிடும். டுபாயிலோ டோஹாவிலோ காத்திருந்து மாறுகிற மலிவு ரிக்கெற் என்றால் கேட்கவே வேண்டாம்.

ரிக்கெற்றில் "புறப்பாடு 13.00, வருகை 19.00" என்று கண்டால் யாரும் ஆறு மணித்தியாலம் என்றுதான் கழித்துப் பார்ப்பார்கள். அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் எங்களுக்குக் கோடையில் நாலரை மணித்தியாலம் பிந்தியது, குளிர்காலத்தில் ஐந்தரை. சீனி வருத்தக்காரருக்கு இது விளையாட்டில்லை. இரவுக் குளிசையை லண்டன் இரவு 8 மணிக்கென்று எடுத்து வைத்தால், அவருடைய உடம்புக்கு அது நடுச்சாமம் தாண்டிய நேரம். இன்சுலின் போடுகிறவர் போகுமுன் டொக்டரிடம் கேட்க வேண்டும். எங்கள் நேரத்தில் எழுதிய தாள் கையில் இருந்தால்தானே கேட்கலாம்?

இணையம் காட்டும் தூரத்தையும் அப்படியே ஒப்பிக்காதீர்கள். கட்டுநாயக்காவுக்கும் ஹீத்ரோவுக்கும் சுமார் 8,700 கி.மீ. என்பது பூமியின் வளைவில் இழுத்த மிகக் குறுகிய கோடு. கருங்கடலைக் கடந்து உக்ரேனின் தெற்கு மூலையில் ஏறுகிற கோடு அது. 2022 பெப்ரவரியிலிருந்து அந்த வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. சுற்றித்தான் போகிறார்கள். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் நேரம் குறையும். "போகக் கூட, வரக் குறைவு, ரிக்கெற் பிழையோ?" என்று கேட்பவருக்கு இதைச் சொன்னால் போதும்.

சென்னைக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. திருமலையிலிருந்து சென்னை நேர்கோட்டில் 500 கி.மீ. அளவு. நாங்களோ தென்மேற்கே கட்டுநாயக்கா வரை போய், அங்கிருந்து ஏறக்குறைய 650 கி.மீ. வடக்கே பறக்கிறோம், இங்கே திருமலைச் சீனக்குடாவில் ஓடுபாதையை வைத்துக்கொண்டு! அது உங்கள் கையில் இல்லை, சரி. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்தும் சென்னைக்குப் போகலாம் என்று சொல்லலாமே?

நான் கேட்பது ஒரு தாள். வான் வெளிக்கிடுவது முதல் பிள்ளை வீட்டு வாசல் வரை, எங்கள் நேரம் ஒரு பக்கம், அந்த ஊர் நேரம் மறுபக்கம், பெரிய எழுத்தில், தமிழில். சக்கர நாற்காலி தேவையா என்று ரிக்கெற் போடும்போதே கேட்டு அதையும் பதிந்து விடுங்கள். இதற்கு 500 ரூபா கூடக் கேட்டாலும் தருவோம்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்