பிணைக் கைதிகள்: நடுவில் இருக்கும் மாதங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்ச் செய்திகளை விடாமல் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் பிணைக் கைதிகளைப் பற்றி மட்டும் இரண்டே தடவைதான் எழுதுகிறீர்கள். பிடித்துக்கொண்டு போன அன்று ஒரு தடவை, விடுதலையான அன்றோ உடல் கிடைத்த அன்றோ இன்னொரு தடவை. நடுவில் கிடக்கும் மாதங்கள், சில சமயம் வருடங்கள், யாருக்கும் செய்தியே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவது அந்த நடுவில்தான்.

அவர்களிடம் போய் "நம்பிக்கையோடு இருங்கள்" என்று சொல்வது சுலபம். 2014 ஜூனில் இராக்கின் மோசூலில் ஐ.எஸ். பிடித்துச் சென்ற இந்தியத் தொழிலாளர்களில் ஒருவர் மட்டும் தப்பி வந்து, மற்ற 39 பேரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னார். அரசு அதை ஏற்கவில்லை. உயிரோடு இருப்பதாகத் தகவல் வருகிறது, ஆதாரம் இல்லாமல் இறந்ததாக அறிவிக்க மாட்டோம் என்றே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 மார்ச் 20 அன்று அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் எழுந்து 39 பேரும் இறந்துவிட்டதாக அறிவித்தார். மோசூலுக்குப் பக்கத்தில் உள்ள பதூஷில் ஒரு புதைகுழியில் எடுத்த உடல்களை டி.என்.ஏ. சோதனையில் அடையாளம் கண்டிருந்தார்கள். குடும்பத்தார் பலருக்கு விஷயம் தெரிந்ததே தொலைக்காட்சியைப் பார்த்துத்தான். ஆதாரம் இல்லாமல் இறந்துவிட்டார்கள் என்று சொல்லக்கூடாது, சரி, ஒப்புக்கொள்கிறேன். உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்வதற்கு மட்டும் ஆதாரம் வேண்டாமா? "எங்களுக்குத் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் அந்தத் தாய்மார்கள் தாங்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்காக நம்பிக்கையே வீண் என்று சொல்ல வரவில்லை. அதே 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் கடத்தப்பட்ட தமிழ்நாட்டுப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார், எட்டு மாதம் கழித்து உயிரோடு திரும்பினார். 2023 அக்டோபர் 7 அன்று காஸாவுக்குள் இழுத்துப் போகப்பட்டவர்களில் உயிரோடு மிஞ்சிய கடைசி 20 பேர் வெளியே வர 2025 அக்டோபர் 13 ஆனது. அவ்வளவு காலமும் குடும்பங்கள் டெல் அவிவ் சதுக்கத்தில் படங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கள் அரசாங்கத்தையே எதிர்த்துக் கத்திக்கொண்டு நின்றார்கள். (காஸாவில் குண்டுவீச்சில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஒருவருக்காக அழுதால் இன்னொருவருக்காக அழக்கூடாது என்று யார் சொன்னது?)

வெளியில் நாம் போடும் சத்தம் உள்ளே கேட்குமா என்று கேட்பீர்கள். கேட்கும். கொலம்பியாவில் எர்பின் ஓயோஸ் என்ற வானொலிக்காரர், 1994-இல் தானே கெரில்லாக்களிடம் சிக்கி மீண்டவர், சிக்கியிருப்பவர்களுக்காகவே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். ஞாயிறு விடியும் முன்பே ஒவ்வொரு குடும்பமாக வந்து, காட்டுக்குள் எங்கேயோ கிடக்கும் மகனிடமோ கணவனிடமோ பேசுவார்கள், வீட்டு விஷயம்தான், சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள் என்கிற மாதிரி. அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று பேசுகிறவர்களுக்குத் தெரியாது. கேட்டார்கள். 2002-இல் பிடிபட்டு 2008 ஜூலையில் மீட்கப்பட்ட கொலம்பிய அரசியல்வாதி இங்க்ரிட் பெத்தான்கூர், அத்தனை வருடமும் தன் அம்மாவின் குரலை வானொலியில்தான் கேட்டார். அப்பா இறந்த செய்தி அவருக்குக் கிடைத்தது எதில் தெரியுமா? முகாமுக்குக் காய்கறி சுற்றி வந்த பழைய செய்தித்தாளில். நீங்கள் அச்சடிப்பது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியாது, ஐயா.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் போட்டால் பிடித்து வைத்திருப்பவன் விலையை ஏற்றுவான். 2008 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் கடத்தப்பட்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவிட் ரோட் விஷயத்தில், அவருடைய பத்திரிகை கேட்டுக்கொண்டதால் மற்றவர்களும் ஏழு மாதம் வாயே திறக்கவில்லை, கடைசியில் அவரே தப்பி வந்தார். ஆக எழுதுவதா, சும்மா இருப்பதா என்பதைக் குடும்பத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பல பேர் விஷயத்தில் நீங்கள் சும்மா இருப்பது யாரும் கேட்டுக்கொண்டதால் அல்ல, அடுத்த பரபரப்பு வந்துவிட்டதால்.

கடத்தியவர்கள் எடுத்து அனுப்பும் வீடியோவில் அழுதுகொண்டிருக்கும் முகத்தை வெட்டி முதல் பக்கத்தில் போடாதீர்கள், அது அவர்களுக்குச் செய்யும் வேலை. வீட்டில் இருக்கிற நல்ல படத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" சொல்வதைக் கேட்டு உயிரோடு இருக்கிறார், இல்லை என்று நீங்களாக எழுதாமல், புதிதாக எதுவும் தெரியவில்லை என்றால் அதையே மாதம் ஒரு முறை, பெயரோடு, எத்தனையாவது மாதம் என்பதோடு எழுதுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்