எல்ல குகையும் ஒரு சோளப்பொத்தியும்

ஆசிரியருக்கு,

கடந்த விடுமுறையில் கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலேறி, மலைநாட்டு ஊரான எல்லயில் இராவணன் குகை பார்க்கப் போனோம். செங்குத்தான படிகள் ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது (வெள்ளவத்தை மாடிப்படியே எனக்கு அதிகம்).

குகைவாயில் ஈரமண் வாசம். பாறை இடுக்கில் யாரோ ஏற்றிய மெழுகுவர்த்தி உருகிக் கட்டியாகியிருந்தது. டார்ச் பிடித்து வந்த இளைஞர், சீதையை இங்கேதான் மறைத்தார்கள், சுரங்கவழி வெலிமடைப் பக்கம் ஸ்திரீபுர குகை வரை போகிறது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். கதை சுவையானதுதான், நானும் வாய் பிளந்து கேட்டேன். ஆனால் இதே குகையில் அகழ்ந்தபோது கற்கால மனிதரின் தடயங்கள் கிடைத்ததை அவர் சொல்லவேயில்லை. என் மகன்தான் பள்ளிப் புத்தகத்தில் படித்த, இலங்கையின் கற்கால மனிதனான பலாங்கொடை மனிதனைப் பற்றிக் கேட்டான். அவருக்குப் பதில் தெரியவில்லை.

கீழே அவித்த சோளப்பொத்தி விற்ற தோட்டத்து அம்மா, சின்ன வயதில் விறகு பொறுக்க வந்து மழைக்கு இந்தக் குகையில் ஒதுங்கியதைச் சொன்னார். அந்தக் கதை எனக்கு இராவணனை விடப் பிடித்திருந்தது.

ஐதீகம் எது, அகழ்வில் கிடைத்தது எது என்று மூன்று மொழிகளிலும் விளக்கும் பலகை ஒன்று போதும். ஊர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் தந்தால், டார்ச் பிடிப்பவர் கையில் இன்னும் கொஞ்சம் காசு சேரும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6