புல்பப் ஏர் ரைஃபிள் சேஃப்டியில் இனி கை வைக்க மாட்டோம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாரத்துக்கு ஒருவராவது புல்பப் எனும் குட்டை ஏர் ரைஃபிளையும், தவறிச் சுடாமல் தடுக்கும் அதன் சேஃப்டி பூட்டையும் காட்டிக் கேட்கிறீர்கள்: "இந்த சேஃப்டி இடைஞ்சலா இருக்கு, எடுத்துடுங்க." இல்லாவிட்டால் "இடது கைக்கு மாத்திக் கொடுங்க", "ட்ரிகரை இன்னும் லேசாக்குங்க." தெரிந்தவர்கள் என்பதால் இதுவரை சில வேலைகளைச் செய்தும் கொடுத்தோம். இனி செய்ய மாட்டோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒருவர் வெளியே எங்கோ ட்ரிகர் லேசாக்கிய புல்பப்பைக் கொண்டுவந்தார். குறி சிதறுகிறது என்பதுதான் அவர் புகார். எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்வோம். பெல்லட் (குண்டு) இல்லாமல் காக் செய்து (சுடத் தயார் நிலைக்கு இழுத்து வைத்து), சேஃப்டி போட்டு, குழலை மணல் மூட்டைக்கு நேராக வைத்து, பின்கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டுவோம். மூன்றாவது தட்டில் 'டப்' என்று காற்று வெடித்தது. ட்ரிகரை யாரும் தொடவில்லை, சேஃப்டியும் போட்டது போட்டபடியே இருந்தது. அவர் அதை வீட்டில் காக் செய்து, பெல்லட்டோடு, மாடிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பாராம். அதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

இது எப்படி நடக்கிறது? புல்பப்பில் சுடும் பகுதி முழுவதும் ட்ரிகருக்குப் பின்னால், உங்கள் கன்னத்துக்கு அடியில் இருக்கிறது. குழலின் நீளம் குறையாமல் துப்பாக்கி மட்டும் குட்டையாவது அதனால்தான். ஆஸ்திரிய ராணுவம் 1977இல் எடுத்துக்கொண்ட ஸ்டெயர் ஆக் துப்பாக்கியும் இதே அமைப்புதான். ஆனால் விரல் இழுப்பது முன்னால், காற்றைத் திறந்துவிட அடிக்கும் ஹாமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி பின்னால். இரண்டையும் ஒரு நீளக் கம்பி இணைக்கிறது. இழுப்பு கொஞ்சம் 'சவசவ' என்று இருப்பதற்கு அந்தக் கம்பிதான் காரணம், துப்பாக்கியில் குறை இல்லை.

பல மாடல்களில் சேஃப்டி தடுப்பது முன்னால் உள்ள ட்ரிகரை மட்டும். ட்ரிகரை லேசாக்கும்போது கொக்கியின் பிடி சன்னமாகிவிட்டால், கீழே விழும் அதிர்ச்சியிலேயே ஹாமர் கழன்றுவிடும். முன்னால் சேஃப்டி போட்டிருந்து என்ன பயன்? வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள் சக்தி என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் சிலர் இதை விளையாட்டுச் சாமானாக நினைக்கிறார்கள். கண்ணில் பட்டால் கண் போய்விடும், படாத இடத்தில் பட்டால் உயிரும் போகும். (குருவி, காடை அடிக்க என்று கேட்டு வருபவர்களுக்கு இங்கே துப்பாக்கியே கிடையாது, அது தனி விஷயம்.)

சரி, என்ன செய்வோம்? தேய்ந்த பாகம் இருந்தால் கம்பெனி பாகம்தான் போடுவோம். மேனுவலில் திருகு கொடுத்திருந்தால், அதில் சொன்ன அளவுக்குள் உங்கள் முன்னாலேயே சரிசெய்வோம். இடது கைக்காரர்களுக்கு இடப்பக்கம் காக் செய்யும் மாடல்கள் இருக்கின்றன, வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே நாங்கள் கை வைத்துக் கொடுத்தவற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பழைய நிலைக்கு மாற்றித் தருகிறோம். கூலி வேண்டாம்.

வரும்போது காக் செய்யாமல், பெல்லட் இல்லை என்று பார்த்து, உறையில் போட்டு எடுத்து வாருங்கள். அந்தத் தட்டிப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் இலவசம், துப்பாக்கியை எங்கே வாங்கியிருந்தாலும் சரி.