செயலாளர் ஆண்டறிக்கை: பேட்டரி, இன்வெர்ட்டர் பழுதுபார்ப்போர் சங்கம்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கிறது, பெயர் சொல்லப்போவதில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாமெல்லாம் டிஸ்டில்டு வாட்டர் கேனோடு வீடு வீடாகப் போகிறவர்கள். தண்ணீர் ஏன் குறைகிறது என்று கேட்டால் 'ஆவியாகிடும்' என்று சொல்லிச் சமாளிக்கிறோம். உண்மையில் அது உடைந்துதான் போகிறது. 1.23 வோல்ட்டைத் தாண்டினாலே தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியப் பார்க்கும். நாம் சார்ஜில் செல்லுக்கு 2.4 வோல்ட் வரை கொடுக்கிறோம். ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் லேசில் கிளம்பாது. அதனால் பேட்டரி தாங்குகிறது.

உடையாத தண்ணீர் உண்டா? வேதியியல் படிக்கும் நம் உறுப்பினர் மகள் வந்து விளக்கினார். 2015இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அந்நாட்டு ராணுவ ஆய்வுக்கூடமும் லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. என்ற உப்பை ஒரு கிலோ தண்ணீருக்கு 21 மோல் கரைத்தார்கள். அதாவது ஆறு கிலோ!

"கரையுமா?" என்று பின்வரிசையில் குரல். அந்தப் பெண் டீத் தம்ளரில் 100 மில்லி தண்ணீர் ஊற்றிச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினார். 36 கிராமுக்கு மேல் அடியில் தங்கிவிட்டது. "அந்த உப்பு இதே தண்ணியில 600 கிராம் கரையும் அங்கிள். அது உப்புத் தண்ணி இல்ல, உப்புக்குள்ள தண்ணி."

நீர்த்த கரைசலில் ஒவ்வொரு லித்தியம் அயனியையும் சுமார் நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். மிச்சம் ஏராளமாகச் சும்மா திரியும். பிளேட்டில் போய் உடைவது அவைதான். இங்கே அயனிக்கு 2.6 மூலக்கூறுதான் தேறுகிறது. நாலு இலை போட்ட பந்தியில் ஆள் குறைந்தால்? உப்பில் லித்தியத்தோடு ஜோடியாக இருக்கும் எதிர்மின் அயனியே, அதாவது எதிரயனியே, வந்து உட்கார்ந்துகொள்கிறது. சார்ஜ் ஏறும்போது தண்ணீரை முந்திக்கொண்டு அது சிதைந்து, நெகட்டிவ் பக்கம் லித்தியம் ஃபுளோரைடு படலமாகப் படிகிறது. தண்ணீருக்கு எலக்ட்ரான் எட்டுவதில்லை. தாங்கும் எல்லை சுமார் 3 வோல்ட்டாக உயர்ந்தது இப்படித்தான்.

இவ்வளவு கெட்டியான திரவத்தில் லித்தியம் எப்படி நகரும்? இதைத்தான் நான் கேட்டேன். திரவம் ஒரே சீராக இல்லையாம். நானோமீட்டர் அளவில் எதிரயனிகள் ஒரு பக்கம் திரள, தண்ணீர் வாய்க்கால் போல இடையில் ஓடுகிறது. லித்தியம் அந்த வழியாகப் போய்விடுகிறது.

தீப்பிடிக்காது என்பது நல்ல விஷயம். ஆனால் உப்பின் விலை அதிகம், ஃபுளோரின் வேறு. நம் கடைக்கு இப்போதைக்கு வராது என்பது என் எண்ணம். மலிவான ஜிங்க் குளோரைடை 30 மோல் வரை கரைத்தும் பார்த்திருக்கிறார்கள். ரேடியேட்டர் பற்றவைக்கத் தடவுவோமே, அதேதான்.

அடுத்த ஆண்டு சங்கத்துக்குப் புது ஹைட்ரோமீட்டர் இரண்டு வாங்க ஒப்புதல் கோருகிறேன். அப்புறம், அந்தத் தம்ளர் விளிம்பெல்லாம் உப்புப் பூத்து அலமாரியிலேயே நிற்கிறது. டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாராவது கழுவிக் கொடுத்துவிடவும்.

நன்றி.
செயலாளர்