நாள்பட்ட சோர்வு நோயைக் கணக்கெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கடும் சோர்வு, உறங்கி எழுந்தாலும் தெளியாத உடல், சிறு வேலை செய்தாலும் அன்றோ மறுநாளோ படுக்கையில் தள்ளிவிடும் தளர்ச்சி ஆகியவை நாள்பட்ட சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகள். இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பினால், வீட்டைவிட்டு வெளியே வர இயலாத அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்களே கணக்கிலிருந்து விடுபட்டுப் போவார்கள். இது பெரும் அநீதி.

அமெரிக்காவில் 2021, 2022ஆம் ஆண்டுகளின் தேசிய சுகாதார நேர்காணல் ஆய்வில், வயது வந்தோரில் 1.3 சதவீதத்தினர் மருத்துவர் கண்டறிந்த இந்நோய் தமக்கு இருப்பதாகத் தெரிவித்தனர். மதுரை மாவட்டத்திலும் அத்தகைய ஆய்வு தேவை. மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் நாள் முழுதும் வயலில் நிற்பவரிடம் 'சோர்வாக இருக்கிறதா' என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும்; அதற்குப் பதிலாக, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை, செய்தால் மறுநாள் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவற்றையும் பரிசோதித்து விலக்க வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்காக ஏற்கெனவே வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களுக்கு உரிய பயிற்சி அளித்து, மாவட்ட நிர்வாகம் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருமங்கலம்